வடிகான் வழியே கடலுக்கு வரும் கழிவுநீர்: திருகோணமலையில் முறைப்பாட்டை முறையாகக் கொண்டு செல்வது எப்படி

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் கீழாக வரும் வடிகான் சிறிது மணலைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. மாரியில் மழைநீர் ஓடுவதற்கென்று வெட்டிய அந்தக் கானில், துளி மழையும் இல்லாத மே மாதத்தில் சாம்பல்நிறத் தண்ணீர் ஓடியதை நான் கண்ட நாளிலிருந்து, அதை அனுப்பிய குழாய் அடைக்கப்பட்ட நாள் வரை பதினொரு மாதங்கள் சென்றன. அவற்றில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் வீணாகப் போனவை. முதலில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பிறகு பொறுப்பில்லாத இடத்துக்கு எழுதினேன். அதன் பிறகு சரியான இடத்துக்கு எழுதியும் கையில் பிரதி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆறு மாதங்களும் கழிவு ஓடிக்கொண்டேயிருந்தது. உங்கள் ஊர்க் கடலிலோ களப்பிலோ குளத்திலோ கழிவு கலப்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. கழிவு எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து அலுவலகத்தைத் தெரிவுசெய்யுங்கள்

கடல் அழுக்காகிறது என்றால் கடலுக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதவேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அலுவலகங்களில் முதலில் கேட்கப்படுவது, கழிவு எவ்வகையான இடத்திலிருந்து வெளியேறுகிறது என்பதே. அதைக் கண்டறியாமல் எழுதும் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறி, மாதங்களைத் தின்றுவிடும்.

வீட்டு மலக்குழி நிரம்பி வழிதல், சாப்பாட்டுக்கடையின் கழுவுநீர் வீதிக் கானில் விடப்படுதல், தேங்கிய நீரில் நுளம்பு பெருகுதல் ஆகியவற்றுக்கு உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையே முதலில் நாடவேண்டும். அவரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சந்திக்கலாம். வடிகான்களின் பராமரிப்பும், குப்பை அகற்றலும், பாதிப்புக் குறைந்த சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளன. எந்தச் சபை என்பதில் நம் ஊரில் பலர் குழம்புகிறார்கள். திருகோணமலை நகரத்துக்கு ஒரு சபை. உப்புவெளிப் பக்கத்துக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. சிறிது வடக்கே போய் நிலாவெளிக்குள் நுழைந்தால் அது குச்சவெளிப் பிரதேசம். எல்லையோரத்தில் இருப்பவர்கள் எழுதுவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அரிசி ஆலை, வாகனம் கழுவும் நிலையம், பெரிய விடுதி போன்றவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பார்வைக்குரியவை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, வர்த்தமானியில் குறிக்கப்பட்ட தொழில் எதுவும் மேற்சொன்ன சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவை வெளியேற்ற முடியாது. அதிகாரசபையின் சுற்றாடல் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலும் இருப்பதால், முதல் தடவையே தூரத்து அலுவலகத்துக்கு அலையவேண்டியதில்லை. அவசரமாகச் சொல்லவேண்டியிருந்தால் அதிகாரசபையின் 1981 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

படகோ கப்பலோ எண்ணெயையோ கழிவையோ கடலில் விட்டால், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள். மணலைத் தோண்டிக் குழாய் பதித்தல், கரையில் மதில் கட்டுதல் போன்றவை கரையோரம் பேணல் திணைக்களத்துக்குரியவை. சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையும், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் எனச் சட்டம் சொல்கிறது. குளங்களைப் பொறுத்தவரை, 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும், கந்தளாய் போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் உள்ளன.

கடிதத்தை ஓர் அலுவலகத்துக்கு மட்டும் முகவரியிட்டு, ஏனையவற்றுக்குப் பிரதி அனுப்புங்கள். ஐந்து இடங்களுக்கும் சமமாக முகவரியிட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுகிறார்கள். எனக்கு நடந்தது அதுவே.

2. பதினான்கு நாள் குறிப்பு எழுதுங்கள்

கடிதம் எழுதும் ஆவலை இரண்டு வாரம் அடக்கிக்கொண்டு, ஒரு பயிற்சிக் கொப்பியில் திகதி, நேரம், நிறம், மணம், ஓட்டம், காற்று, மழை ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். இவ்வளவு காலத்தில் நான் செய்தவற்றுள் மிகுந்த பயன் தந்தது இந்தக் கொப்பிதான்.

ஆரம்பத்தில் நான் பாடசாலை விட்டு வரும் பிற்பகலில் மட்டும் கானைப் பார்த்தேன். பல நாட்களில் அது கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது. கரைவலைக்காரர் ஒருவர், வலைக் கயிற்றைச் சுருட்டியபடியே, "பிள்ளை, பகல்ல வந்து பார்த்தா ஒண்டும் தெரியாது. விடியச் சாமம் நாலு நாலரைக்கு வாங்கோ" என்றார். மறுநாள் நானும் என் கணவரும் டோர்ச் வெளிச்சத்தில் மதகடியில் நின்றோம். நாலே முக்கால் அளவில் கானின் மேற்பக்கமிருந்து நுரையோடு தண்ணீர் வந்தது. சோற்றுப் பருக்கைகளும் எண்ணெய்ப் படலமும் அதில் மிதந்தன. சவர்க்கார மணமும் மலக்குழி மணமும் கலந்து வீசின. கான் கடலோடு சேரும் சிறு தேக்கத்தில் மடவைக் குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று விடிந்தபோது அவற்றுள் பாதி வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அந்தப் படமே பின்னர் எங்கள் முறைப்பாட்டின் முதற் பக்கமாயிற்று.

மீன் நீர்மட்டத்தில் வாய் திறப்பது, நீரில் ஒட்சிசன் குறைந்ததற்கு அடையாளம். சோறு, எண்ணெய், மலம் போன்றவை அழுகும்போது அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. அழுகிய முட்டை மணம் வந்தால், ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்து ஐதரசன் சல்பைட்டு உருவாகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள்: உடைந்து தகடுகளாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புச் சத்துள்ள நீரில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இயற்கைப் படலம், கலைந்த பின் மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். ஒரு பிழையான குற்றச்சாட்டு உங்கள் முழுக் கடிதத்தின் நம்பகத்தையும் கெடுத்துவிடும்.

ஆதாரம் சேர்க்க உகந்தது, கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையான காலம். மழை இல்லாதபோது கானில் ஓடும் தண்ணீர் மழைநீர் என்று எவரும் சொல்ல முடியாது. விடுதிகள் நிறைந்திருப்பதும் அதே மாதங்களில்தான். ஒக்டோபரில் வாடை தொடங்கி மாரி பிடித்துவிட்டால் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துச் சென்று அடையாளத்தை அழித்துவிடும். பிறகு மார்ச் வரை காத்திருக்க நேரும்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நின்று, மதகு, மின்கம்பம் போன்ற நிலையான அடையாளம் ஒன்று தெரியுமாறு எடுங்கள். கைப்பேசியின் இட அமைவு வசதியை இயக்கி வையுங்கள். அசல் படங்களை அழிக்காதீர்கள், வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் திகதி விவரங்கள் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிறர் வளவுக்குள் அனுமதியின்றி நுழையவேண்டாம். பொது வீதியிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் தெரிவதே போதும். அடுத்தது நம் ஊருக்கே உரியது: துறைமுகத்தைச் சுற்றியும் கோட்டைப் பக்கத்திலும் படையினரின் இடங்கள் பல உள்ளன. அவை படத்தில் விழுந்தால் தண்ணீரைப் பற்றிப் பேசப் போன நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்ல நேரும். அவ்விடங்களில் படம் எடுக்காமல், பார்த்ததை நேரத்துடன் எழுதிவைத்து, உரிய அதிகாரி வந்து பார்க்கும்படி கேளுங்கள். டிரோன் பறக்கவிடுவதை எண்ணவே வேண்டாம். அதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை.

3. ஒரு பக்கக் கடிதம்

தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை.

கடிதத்தின் பொருள் வரியில் இடமும் விடயமும் இருக்கட்டும்: "இன்ன ஒழுங்கை முடிவிலுள்ள மதகின் ஊடாகக் கழிவுநீர் கடலில் கலத்தல் தொடர்பாக" என்பது போதும். முதற் பந்தியில் நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை நாள், எந்த நேரங்களில், எப்படி. இரண்டாம் பந்தியில் அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதுங்கள். கிணறு, கரைவலை, பிள்ளைகள் குளிக்கும் இடம் என்று குறிப்பாக இருக்கவேண்டும். மூன்றாம் பந்தி நீங்கள் கேட்பது. பெரும்பாலோர் இதைத்தான் எழுதாமல் விடுகிறார்கள். "தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்கும் கடிதத்துக்கு "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்ற பதிலே வரும். அதற்குப் பதிலாக மூன்றைக் கேளுங்கள்: அதிகாலையில் கள ஆய்வு, அதிகாரியே நீர் மாதிரி எடுத்தல், அந்த இடத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்ற எழுத்துமூலப் பதில்.

உரிமையாளரின் பெயரையோ நோக்கத்தையோ பற்றிய ஊகங்களை எழுதாதீர்கள். கண்ணால் காணாததை எழுதினால், உங்கள் மீதே அவதூறு வழக்கு வர இடமுண்டு. "இந்தக் குழாயிலிருந்து வருவதைக் கண்டேன்" என்பது வேறு. "இவர்தான் விடுகிறார்" என்பது வேறு.

இணைப்புகளாகக் குறிப்பேட்டின் போட்டோப் பிரதி, ஆறு அல்லது எட்டுப் படங்கள், கையால் வரைந்த ஓர் அமைவிடப் படம் ஆகியவற்றை வையுங்கள். முடிந்தால் அயலவர்கள் ஐந்தாறு பேரின் கையொப்பம், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றுடன் ஒரு தாளைச் சேருங்கள். நூறு கையொப்பம் தேவையில்லை. ஆய்வு நாளில் நேரில் வந்து நிற்கக்கூடிய ஐவரே மேல். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஊரில் இருந்தால் அவர்கள் கடிதத் தலைப்பில் ஒரு தனிக்கடிதம் கேட்டுப் பெறுங்கள்.

4. கொடுத்ததற்குச் சான்று

இரண்டு பிரதிகள் கொண்டு செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் பெற்றவரின் கையொப்பமும் வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். கோவை இலக்கத்தை ஒரு வாரம் கழித்துக் கேட்டு எழுதுங்கள்; பிறகு எப்போது அழைத்தாலும் அந்த இலக்கத்தைச் சொல்லியே பேசுங்கள்.

முறைப்பாடு செய்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. எனக்குச் செலவானது போட்டோப் பிரதி, படம் அச்சிடுதல், தபால், ஓட்டோ ஆகியவற்றுக்கே. "வேகமாகச் செய்து தருகிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம்.

5. கள ஆய்வு நாளில்

அதிகாரிகள் பொதுவாக அலுவலக நேரத்தில் வருவார்கள், கழிவு அலுவலக நேரத்துக்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். எங்கள் முதல் ஆய்வு பகல் பதினொரு மணிக்கு நடந்தது, கான் காய்ந்திருந்தது, "பிரச்சினை காணப்படவில்லை" என்று எழுதப்பட்டது. அன்று நான் குறிப்பேட்டைக் கையில் எடுத்துச் செல்லாதது பெரிய தவறு. இரண்டாம் முறை, பதினான்கு நாள் நேர அட்டவணையைக் காட்டி அதிகாலை ஆய்வைக் கேட்டபோது மறுக்கவில்லை. ஆய்வு அறிக்கையில் எழுதப்படுவதை வாசித்துக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். உங்கள் பெயரும் வந்த நேரமும் அதில் இருக்கட்டும்.

6. நீர் மாதிரி

நீங்களே மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது அதிகாரிகளின் கவனத்தை ஈர்க்க உதவும். ஆனால் சட்ட நடவடிக்கைக்கு அவர்கள் எடுத்த மாதிரியே செல்லும். ஆகவே செலவழிப்பதற்கு முன் அவர்கள் எடுப்பார்களா என்று கேளுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ மட்டும் நீங்கள் எடுங்கள்.

எடுப்பதானால் ஆய்வுகூடத்தை முன்கூட்டியே அழைத்து, எந்தப் பரிசோதனைக்கு என்ன கட்டணம், எந்த நாளில் மாதிரி ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு, போத்தல்களையும் அவர்களிடமே வாங்குங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருகின்றன. நீரில் மலம் கலந்ததைக் காட்டும் மலக்கோலி நுண்ணுயிர்ப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும். அதைக் கான் நீரால் அலசக்கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பிக்க முயலவேண்டும். எண்ணெய்ப் பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தலே ஏற்றது. பிளாஸ்ரிக் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை எடுக்கின்றன என்று அளக்கும், உயிர் இரசாயன ஒட்சிசன் கேள்வி எனப்படும் பரிசோதனைக்கு வழக்கமான முறையில் ஐந்து நாட்கள் செல்வதால், முடிவை ஒரு வாரத்துக்கு முன் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாதிரி எடுத்துச் சென்று திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். திங்கள், செவ்வாய் நல்லது.

அறிக்கையை வாசிக்க இதை மனதில் வையுங்கள். 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி, உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்கு அந்த ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராம், நீரில் கரையாமல் மிதக்கும் தொங்கல் திண்மங்கள் 50, எண்ணெயும் கிறீசும் 10 என எல்லை விதித்தது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் ஒட்சிசன் கேள்வி ஏறத்தாழ 200 முதல் 300 வரை இருக்கும். கரையோரக் கடலில் விடுவதற்கான எல்லைகள் வேறு. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அதன் அனுமதிப்பத்திரத்தில் எழுதப்பட்ட எல்லையே பொருந்தும். அதைப் பெறும் வழி அடுத்த படி.

7. தகவல் அறியும் உரிமை விண்ணப்பம்

ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், இரண்டாவது நினைவூட்டலோடு நேரத்தைக் கழிக்காமல் இதைச் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரசை எவரும் காரணம் சொல்லாமலேயே கேட்கலாம். படிவம் உண்டு, படிவமின்றிக் கடிதமாகவும் கொடுக்கலாம். அலுவலகத்தின் "தகவல் அலுவலர்" என்று முகவரியிட்டு, பெற்றுக்கொண்டமைக்கான சான்றை அங்கேயே வாங்குங்கள்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கையாகாது. ஆவணங்களைக் கேளுங்கள்: அந்த இடத்துக்கு வழங்கிய அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அதன் நிபந்தனைகள், காலாவதித் திகதி, கடந்த இரண்டு ஆண்டு கள ஆய்வு அறிக்கைகள், நீர்ப் பரிசோதனை முடிவுகள், உங்கள் முறைப்பாட்டின் கோவையிலுள்ள குறிப்புகள். 2017இல் வந்த கட்டண விதிகளின்படி ஏ4 தாளில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதன் பின் ஒரு பக்கப் போட்டோப் பிரதிக்கு 2 ரூபாய். ஆவணங்களை நேரில் பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம்.

இங்கே நாட்களை எண்ணுவதில் தவறக்கூடாது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு தரவேண்டும். அதிலும் பயனில்லையெனில் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எங்கள் விடயத்தில் முதல் விண்ணப்பமே போதுமானதாக இருந்தது. அனுமதிப்பத்திரம் காலாவதியாகி இருந்தது அதில் தெரிந்தது. அந்த ஒரு தாள் கிடைத்த பின் ஐந்து வாரத்தில் வேலை நடந்தது.

8. நீதவான் நீதிமன்றம்

இவ்வளவும் பலிக்காதபோது, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். பொலிஸ் நிலையத்திலோ சட்டத்தரணி மூலமாகவோ இதைத் தொடங்கலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். முத்திரையிட்ட பிரதிகள், குறிப்பேடு, ஆய்வு அறிக்கை, அனுமதிப்பத்திரப் பிரதி எல்லாம் ஒரே கோவையில் திகதி வரிசையில் இருந்தால் சட்டத்தரணியின் முதல் சந்திப்பே பயனுள்ளதாக முடியும்.

9. குழாய் அடைக்கப்பட்ட பின்

என்ன செய்யப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: புதிய மலக்குழி கட்டப்பட்டதா, கழிவை பௌசரில் ஏற்றிச் செல்கிறார்களா, ஏற்றினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். ஒரு கானிலிருந்து நின்ற கழிவு இன்னொரு ஓடையில் கொட்டப்படக்கூடும். அடுத்த கச்சான் தொடங்கியதும் மீண்டும் ஒரு வாரம், அதே மதகில், அதே நாலே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் இவ்வாண்டு மே மாதம் ஏழு நாள் போனோம். ஆறு நாள் கான் வறண்டிருந்தது. ஒரு நாள் ஈரம் தெரிந்தது. அதையும் திகதியோடு கொப்பியில் எழுதி, படத்துடன் சுற்றாடல் உத்தியோகத்தருக்குக் கொடுத்து, பழைய கோவை இலக்கத்தை மேலே எழுதி முத்திரை வாங்கி வந்திருக்கிறேன்.